பெருக்கல் குறி போட்ட கதவு

அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததுமே ஈரச் சுவரின் வாடை மூக்கில் ஏறியது. நகரத்தின் நடுவில் இருந்தும் வெயில் எட்டிப் பார்க்காத சந்து. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அதற்குமுன் குடியிருப்பவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமாம். முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பது எப்பேர்ப்பட்ட மரியாதை. அந்த மரியாதையைச் செய்யத்தான் அவள் தினக்கூலிக்கு வந்திருந்தாள். சந்துக்காரர்கள் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வேலை சுலபம். கதவைத் தட்ட வேண்டும். திறந்தால் கேள்வி. திறக்காவிட்டால் கதவில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. குறி விழுந்தால் அது காலி வீடு. தண்ணீர்க் குழாயை அடைத்துவிடுவார்கள். காலி வீட்டுக்கு ஆட்சேபணை ஏது? அதையும் சம்மதக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

மாடியில் கடைசிக் கதவில் பழைய குறி ஒன்று மங்கிக் கிடந்தது. எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

"அது எங்க அக்கா வீடும்மா. தையல் வேலை செஞ்சாங்க. இடுப்பு ஒடஞ்சு படுத்திருந்தாங்க. நான் வெளியூர் போன நேரத்துல உங்க ஆளு வந்து தட்டியிருக்கான். அவங்களால எந்திரிச்சு வர முடியல. குறியப் போட்டுட்டுப் போயிட்டான்."

அவள் சாக்பீஸ் பிடித்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கத்தியிருப்பாங்க. அக்கம்பக்கமெல்லாம் அதுக்குள்ள காலி பண்ணிட்டாங்க, யாருக்குக் கேக்கும்? தண்ணியையும் நிறுத்திட்டாங்க. நான் வந்து பாக்கும்போது எல்லாம் முடிஞ்சுபோச்சு." அவர் குறியைக் காட்டினார். "வீட்ட இடிச்சுக்குங்க. உள்ள ஆள் இருந்தாங்கன்னு மட்டும் எழுதுங்க. அது போதும்."

பழக்கதோஷத்தில் அவள் அந்தக் கதவைத் தட்டினாள்.

உள்ளேயிருந்து பதிலுக்குத் தட்டினார்கள்.

இரும்பில் இரும்பு படும் சத்தம். மெதுவாக, விட்டுவிட்டு.

இஸ்திரிக்காரரின் முகம் மாறவில்லை. "கத்தரிக்கோலால கட்டில்ல தட்டுறாங்க" என்றார், தணிந்த குரலில். "யாரு வந்தாலும் இப்படித்தான்."

அவள் போனில் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். "சார், அந்தக் கடைசி வீட்டுல ஆள் இருந்தாங்களாம்."

"இருந்தாங்கன்னு எழுதுனா செத்ததுக்கு யாரு பதில் சொல்றது? காலின்னே போடு. இல்லன்னா நாளையிலேருந்து வராத."

வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டும். மங்கிய குறியின் மேலேயே புதிதாக ஒன்று போட்டாள். இஸ்திரிக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் திரும்பிப் போய் யாருடைய சட்டையையோ தேய்க்க ஆரம்பித்தார்.

கட்டில் சத்தம் நின்றுபோனது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். முகம் கழுவக் குழாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. எங்கிருந்தோ ஈரச் சுவரின் வாடை அடித்தது.

கதவு தட்டும் சத்தம். புருஷன்தான்.

"இதோ வந்துட்டேன்" என்று போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள்.

அசையவில்லை.

"உள்ளதான் இருக்கேன், தள்ளுங்க."

அவன் மறுபடி தட்டினான். பக்கத்து வீட்டுக்காரியிடம் அவன் பேசுவது தெளிவாகக் கேட்டது. "இன்னும் வரல போல. கதவுல யாரோ பெருக்கல் குறி போட்டிருக்காங்களே, பாத்தீங்களா?"

அவள் இரண்டு கையாலும் கதவை அடித்துக் கத்தினாள். அவனுடைய செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

அவள் முதுகுக்குப் பின்னால், அறைக்குள், இரும்பில் இரும்பு பட்டது.

"கத்தாதம்மா" என்றது ஒரு வறண்ட குரல். "தொண்டதான் காயும்."