முப்பத்தோராவது அட்டை

முப்பத்தோராவது அட்டையிலும் அந்த இரண்டு ஓட்டைகள் இருந்தன.

சிற்பிக்கு எரிச்சல் வந்தது. கணினியில் அவள் செதுக்கிய பன்னிரண்டடி மனிதனை மென்பொருள் எழுநூற்றுச் சொச்சம் அடுக்குகளாகச் சீவிக் கொடுத்திருந்தது. பழைய பெட்டிகளைப் பிரித்து அந்த அளவுக்கு வெட்டிப் பாதி திறந்த கதவு வழியாக நீட்டுவது அடுத்த அறையிலிருக்கும் கணவனின் வேலை. எண் பார்த்து, பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது அவளுடையது. இருபது வரை ஒழுங்காகத்தான் வந்தன. இருபத்தொன்றில் தொடங்கியது இந்தக் கோளாறு.

“ஏங்க, நடுவுல எதுக்கு ஓட்டை போடுறீங்க? பீடம் கெட்டியா இருக்க வேணாமா?”

பதிலுக்கு ஈர அட்டையின் புளித்த வாடையும், கத்தி இழுபடும் சர்... சர்... என்ற சத்தமும்தான் வந்தன. வேலையில் இறங்கிவிட்டால் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது.

திரையைப் பார்த்தாள். பீடத்தில் ஓட்டையே இல்லை.

அதையும் ஒட்டிவிட்டுக் குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது: அவை பாத வடிவங்கள். இடப்பாதத்தில் சுண்டுவிரல் இல்லை. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி அவள் இழந்த அதே விரல். அளவு பார்க்காமல் மனம் அடங்கவில்லை. பீடத்தில் ஏறி ஒரு காலை வைத்தாள். மறு காலையும் வைத்தாள். கணுக்கால் வரை கச்சிதமாக இறங்கின. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. கணவன்.

“கடையில ஒரே கூட்டம்மா. பசையோட வேற ஏதாவது வாங்கணுமா?”

“நீங்க... எப்போ போனீங்க?”

“நல்லா கேட்ட போ! நீ இருபதாவது ஒட்டிட்டிருந்தப்ப சொல்லிட்டுத்தானே கிளம்பினேன்? தலையைக்கூட ஆட்டினியே.”

அடுத்த அறையில் கத்தி நின்றது.

காலை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். அட்டை இறுகியது.

“என்னம்மா? பேசு.”

அவள் கதவையே பார்த்தாள்.

கதவு முழுதாகத் திறந்தது. அடுத்த அட்டைகள் ஒரே அடுக்காக, அவள் உயரத்துக்கு, நிதானமாக உள்ளே வந்தன. அவற்றை ஏந்தியிருந்த விரல்கள் ஒவ்வொன்றும் அவள் முழங்கை நீளம். பழுப்பு நிறம். அட்டை விளிம்புகள் தெரிய அடுக்கடுக்காக ஒட்டப்பட்டவை.

அடுக்கு அவள் தலைக்கு மேலே உயர்ந்தது. அண்ணாந்தாள். ஓட்டைக்குள் ஓட்டையாக, அவளுடைய இடுப்பு, தோள், கழுத்து.

உச்சியிலிருந்த அட்டையில் மட்டும் ஓட்டை இல்லை.