வாலில் காத்திருந்த சாவு

ட்ரிங்... ட்ரிங்...

திருவண்ணாமலை தேரடித் தெரு லாட்ஜில் டெலிபோன் அலறியது.

பல் விளக்கிக்கொண்டிருந்த பரசுராமன் வாய் நிறைய நுரையோடு ஓடிவந்து எடுத்தான். மறுமுனையில் இன்ஜினியர் இராமலிங்கம்.

"பரசு, இன்னிக்குத்தான்டா உன் பரீட்சை. மெட்ராஸ்லேர்ந்து அதிகாரி கிளம்பிட்டாராம். சீக்கிரம் வா."

பரசுராமன் நுரையை அப்படியே விழுங்கிவிட்டான்.

விழுங்காமல் பின்னே! முப்பது வயசு. கல்யாணமானவன். நாலு வருஷமாக இராமலிங்கத்திடம் கிரீஸிலும் ஆயிலிலும் புரண்டு விமான மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டிருக்கிறான். காலேஜ் இல்லை, கிளாஸ் இல்லை. வேலைதான் படிப்பு. இன்றைக்குப் பாஸானால் லைசென்ஸ். இல்லையென்றால் மாமனார் கழனியில் களை பிடுங்க வேண்டியதுதான்.

அது 1979. கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலையைக் கம்பளிப்பூச்சி மொட்டையடித்துக்கொண்டிருந்தது. மருந்தடிக்க ஒரு தனியார் கம்பெனி பழைய இரண்டு சீட் விமானத்தைக் கொண்டுவந்திருந்தது. சமன்படுத்திய தரிசு நிலம்தான் ரன்வே. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை.

அவ்வளவுதான் ஏர்போர்ட்!

வேடிக்கை பார்க்க ஊரே திரண்டிருந்தது. விரட்டுவதற்கு ஹெட் கான்ஸ்டபிள் அப்பாசாமி லத்தியோடு நின்றார்.

பரசுராமன் போய்ச் சேர்ந்ததும் இராமலிங்கம் விஷயத்தைச் சொன்னார். விமானத்தில் வேண்டுமென்றே சில கோளாறுகள் செய்து வைத்திருக்கிறார். அதிகாரி வருவதற்குள் அவன் கண்டுபிடிக்க வேண்டும். சரி செய்த விமானம் பறப்பதை அதிகாரி பார்த்து முடிவு சொல்வார். எத்தனை என்று கேட்டான்.

"அதைச் சொல்லிட்டா அப்புறம் இன்னாடா பரீட்சை?"

தேடினான். ஆயில் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது. பிரேக் குழாய் கசிந்தது.

பிறகு வால் பக்கம் போனான்...

உறைந்து போனான்!

வாலில் எலிவேட்டர் என்று ஒரு பலகை உண்டு. அதை ஆட்டித்தான் பைலட் விமானத்தை ஏற்றுவார், இறக்குவார். அதை ஆட்டுகிற கம்பியின் போல்ட்டில் நட்டைக் காணோம். போல்ட் சும்மா சொருகிக் கிடந்தது. மேலே போன கொஞ்ச நேரத்தில் அதிர்விலேயே கழன்று விழும். அப்புறம் பைலட்டைச் சாமிதான் காப்பாற்ற வேண்டும்.

பரீட்சைக்காக யாராவது இதைக் கழற்றுவார்களா?

மூன்றையும் போய்ச் சொன்னான். மூன்றாவதைக் கேட்டதும் இராமலிங்கத்தின் முகம் வெளுத்தது. உடனே சிரித்துச் சமாளித்தார்.

"பாஸ்டா நீ. மூணையும் நானே சரி பண்ணிடறேன். போய் கை கழுவிட்டு டீ சாப்பிடு."

டீ கிளாஸை அப்படியே வைத்தான். ஒருத்தன் மாட்டியதை இன்னொருத்தன் தொட்டுப் பார்க்காமல் விமானத்தை விடக்கூடாது. இராமலிங்கமே சொல்லிக் கொடுத்த பாடம். மனசு கேட்காமல் மறுபடி போய்ப் பார்த்தான்.

ஆயில் கிளிப்... சரி.

பிரேக்... சரி.

வால்...

நட்டு இன்னும் இல்லை!

மறதியா? இருபது வருஷ இன்ஜினியருக்கா?

போன வாரம் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் கண்ட காட்சி நினைவுக்கு வந்தது. பைலட் கேப்டன் தருமனின் ஸ்கூட்டர். பின் சீட்டில் ஒட்டி உட்கார்ந்திருந்தவள் சரோஜா. இராமலிங்கத்தின் மனைவி! நமக்கேன் வம்பு என்று பரசுராமன் தலையைத் திருப்பினான். திருப்பிய பக்கம் டீக்கடையில் இராமலிங்கம் நின்று அதையே வெறித்துக்கொண்டிருந்தார்.

அடப்பாவி மனுஷா!

விமானம் விழும். தருமன் சாவான். போலீஸ் வரும். பரீட்சைக்காகக் கழற்றி வைத்தேன், இந்தப் பயல் கண்டுபிடிக்காமல் கோட்டை விட்டான் என்று இராமலிங்கம் கைவிரிப்பார்.

ஜெயிலுக்குப் போவது யார்? சாட்சாத் பரசுராமன்!

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு திரும்பினான்.

தோளில் ஒரு கை விழுந்தது...

இராமலிங்கம்! இன்னொரு கையில் கனமான ஸ்பேனர்.

"அந்தப் பக்கம் இன்னாடா வேலை?"

"ஒ... ஒண்ணுக்குப் போனேன் சார்."

இராமலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். நாலு வருஷம் தன்னிடம் வேலை கற்றான் என்று அவர் சான்று தரும் தாள். அது இல்லாமல் பரீட்சையில் பாஸானாலும் லைசென்ஸ் கிடையாது. கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

"சாயங்காலம் போட்டுத் தரேன். அதுவரைக்கும் வாயை மூடிக்கினு இரு. புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. வாயைத் திறந்தால் நாலு வருஷம் போச்சு. மூடினால் ஓர் உயிர் போச்சு. பரசுராமனுக்கு அழுகை வந்தது.

அதற்குள் மெட்ராஸ் அதிகாரியின் கார் வந்துவிட்டது. கேப்டன் தருமன் கூட்டத்துக்குக் கையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

இன்ஜின் உறுமியது.

பரசுராமன் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஓடினான். கைகளை ஆட்டியபடி விமானத்தின் பாதையில் போய் நின்றான்!

தருமன் இன்ஜினைத் தணித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"கேப்டன்... வால் பக்கம் இன்ஜினியர் சார்தான் வேலை பார்த்தாரு. வேலை பார்த்தவங்க முதல் ரவுண்டு கூட வரணும்னு வழக்கம். அவரையும் ஏத்திக்குங்க."

"அதானே! ஏறுங்க இராமலிங்கம்."

இராமலிங்கம் பிரஷர் ஜாஸ்தியாக இருக்கிறது என்றார். இடுப்பு பிடித்துக்கொண்டது என்றார். பரசுவையே கூட்டிப் போகச் சொன்னார். தருமன் அசையவில்லை. அதிகாரி வேறு புருவத்தை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லை. ஏறினார்.

விமானம் உருண்டது... வேகம் பிடித்தது...

"நிறுத்துய்யா! வால்ல நட்டு இல்ல! நான்தான் கழட்டினேன்! சரோஜாவை நீயே கூட்டிக்கினு போ... என்னை இறக்கி வுடு!"

இராமலிங்கத்தின் அலறலில் இன்ஜின் சத்தமே அமுங்கிப் போயிற்று.

விமானம் நின்றது. தருமன் முகத்தில் ஈயாடவில்லை. கீழே குதித்த இராமலிங்கத்தின் சட்டைக் காலரை அப்பாசாமி கொத்தாகப் பிடித்தார்.

அதிகாரி ஓடிப்போய் வாலைத் தொட்டுப் பார்த்தார். குழம்பினார்.

"நட்டு இருக்கேய்யா? அது கழலாம இருக்கப் பின்னும் போட்டிருக்கே?"

"எங்கிட்ட இருந்த வேற நட்டை நான்தான் சார் மாட்டினேன். ஒண்ணுக்குப் போனப்போ."

அப்புறம் எதற்கு இந்த நாடகம் என்றார் அதிகாரி.

"இன்ஜினியர் மேல நான் பழி சொன்னா யாரு சார் நம்புவாங்க? அவர் வாயாலயே வரணும்னு பார்த்தேன். ஆனா ஒண்ணு சார்... மாட்டறப்போ கை நடுங்கிச்சு. சரியா மாட்டினேனான்னு எனக்கே பயம்தான்."

 அதிகாரி அவன் முதுகில் தட்டினார். பரீட்சையில் பாஸ் என்றார்.

பரசுராமன் அசையவில்லை. இராமலிங்கத்தின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டய்யா... விலங்கு மாட்டறதுக்கு முன்னாடி, அவர்கிட்ட ஒரே ஒரு கையெழுத்து வாங்கிக்கட்டுமா?"

அதிகாரி இருமிவிட்டு மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பாசாமி இராமலிங்கத்தின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுதற கை எதுய்யா? அதை வுட்டுட்டு இன்னொண்ணுல மாட்டறேன்."