நடைக்கண் அறியாத அடவு

நேற்றுக் கண்டுபிடித்த அசைவு இன்று செத்துப்போயிருந்தது. இசக்கி இடுப்பை ஒடித்துத் தோளைப் பின்னால் வீசிச் சுழன்றாள். சுற்று முடிவதற்குள் ஒத்திகை அறையின் திரை பச்சையாகி அவள் பெயரைக் காட்டிவிட்டது.

"போச்சுக்கா. நேத்து சாம்பலாத்தான இருந்துச்சு?" மூச்சிரைக்கத் தரையில் உட்கார்ந்தாள்.

"ராத்திரி பூரா மிஷின் படிச்சிருக்கும். எந்திரி, வேற பாப்போம்" என்றாள் நடனத்தை அமைக்கும் ஜெசிந்தா.

தூத்துக்குடியில் அப்போது சாவியும் அடையாள அட்டையும் வழக்கொழிந்திருந்தன. ஆளுக்கு அவரவர் நடையே அடையாளம். பேருந்து, ரேஷன் கடை, மருத்துவமனை என எல்லா இடத்திலும் நடைக்கண்கள் என்ற கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. முகத்தை மூடிக்கொள்ளலாம், எலும்பும் தசையும் பிறந்ததிலிருந்து பழகியதை மூட முடியாது. நொண்டுவதுபோல் நடித்தால், அந்த நொண்டலுக்குள் இருக்கும் ஆளை அது தோண்டி எடுத்துவிடும்.

அசைவுக் கலை மன்றம் புதிய நடனங்களுக்கு நிதி நல்கை கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான்: ஆடுகிறவர் யாரென்று நடைக்கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதற்குப் பிடிபடாத அசைவுதான் புதிய அசைவு. ஜெசிந்தாவுக்கு அந்த நிபந்தனை பிடித்திருந்தது. விமர்சகர்கள் முகதாட்சண்யத்துக்காகப் பொய் சொல்வார்கள். இயந்திரத்துக்கு அந்த அவசியம் இல்லை. ஆனால் வலையில் துடிக்கும் மீன், குடிகாரன், காற்றில் அலையும் துணி என்று அவள் எதை எடுத்துக் கோத்தாலும் மறுநாளே திரை பச்சையானது. அரங்கேற்றமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், தன் வீட்டு அடுக்களையில் தம்பி அருளப்பன் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு உறைந்து நின்றாள். குடிநீர் ஆலை வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியதற்காகத் தேடப்படுகிறவன் அவன். கடல் தாண்டிப் போய்விட்டான் என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

"பட்டப்பகல்ல எப்படிலே வந்த? தெரு முழுக்க நடைக்கண்ணு!"

"நடந்துதான்க்கா வந்தேன்." சிரித்தபடி எழுந்து கூடத்தில் நடந்து காட்டினான்.

ஜெசிந்தா பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் கால் தரையைத் தொட்டது, தயங்கியது, சற்றே விலகி ஊன்றியது. அடுத்த கால் வேறு விதமாக வந்தது. ஓரடியைப்போல இன்னோரடி இல்லை. ஆனாலும் தடுமாற்றம் இல்லை. இத்தனை வருஷம் தேடியது, சோற்றுக் கையோடு தன் வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது.

"தரைய நம்பக் கூடாதுக்கா. கடல்ல வள்ளத்துல நிக்க மாதிரி. கால எங்க வைக்கணும்னு நீ முடிவு பண்ணாத, தரை பண்ணட்டும். நாயோ பறக்குற பையோன்னு நெனச்சு நடைக்கண்ணு விட்டுரும். எங்க ஆளுக எல்லாரும் இப்படித்தான் நடக்காங்க. நான்தான் பழக்குனேன்."

"எனக்குச் சொல்லித் தாலே."

அவன் சிரிப்பு நின்றது. "ஆட்டத்துக்கா? பதிவு பண்ணுவாங்களே."

"கேட்டுட்டேன். காப்பகத்துல வச்சுப் பூட்டிருவாங்களாம்."

கேட்டது உண்மைதான். நல்கை கொடுத்தபோதே மன்றத்தின் செயலர் வேதநாயகம் புன்னகையோடு அப்படித்தான் சொன்னார். அந்தக் காப்பகத்தை யார் பார்ப்பார்கள் என்ற அடுத்த கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம் அப்போதே உள்ளே எங்கோ இருந்தது.

அருளப்பன் சொல்லிக்கொடுத்தான். அக்கா கேட்டு அவன் எதையும் மறுத்ததில்லை.

ஜெசிந்தா அந்தத் தயக்கத்தைக் காலிலிருந்து எடுத்துத் தோளுக்கும் கழுத்துக்கும் விரல்களுக்கும் கொண்டுபோனாள். நடைக்கண் இல்லாத தன் வீட்டுக் கூடத்திலேயே இசக்கிக்குப் பழக்கினாள். அரங்கேற்றத்தில் இசக்கி ஆடி முடிக்கும்வரை திரை சாம்பலாகவே இருந்தது. பெயரில்லாத ஓர் உடலை அந்த ஊர் பார்த்துப் பல காலமாகியிருந்தது. சனம் எழுந்து நின்று கைதட்டியது. சிலர் அழுதார்கள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மீன் ஏலக் கூடத்திலும் உப்பளத்திலும் நடைக்கண்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலறின. வேலைநிறுத்தக்காரர்கள் நடந்துகொண்டிருந்த இடத்திலேயே பிடிபட்டார்கள். அருளப்பனை டீக்கடை வாசலில் வைத்துத் தூக்கினார்கள்.

அவள் மன்றத்துக்கு ஓடினாள். "காப்பகம்னு சொன்னீங்களே?"

"காப்பகம்தாம்மா. நடைக்கண்ணோட நிரல் அங்க இருந்துதான் படிக்குது" என்றார் வேதநாயகம், ஒளிக்கக்கூட முயலாமல். "தனக்குத் தெரியாதத அது எங்க போய்த் தேடும்? உங்கள மாதிரி கலைஞர்கள்தான் கொண்டாந்து தரணும். அடுத்த வருஷத்துக்கும் நல்கை உங்களுக்குத்தான்."

சிறையில் கண்ணாடிக்கு அப்பால் அருளப்பன் உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது.

"அடிச்சாங்களாலே?"

"போலீஸ் இல்ல. எங்க ஆளுக." அவன் அவளைப் பார்க்கவில்லை. "விசாரணைல ஆட்டத்தோட வீடியோவ எல்லாருக்கும் போட்டுக் காட்டுனாங்க. அக்காளுக்காகக் காட்டிக்கொடுத்தவன்னு சொல்லுதாங்க. எம்பக்கத்துல ஒருத்தரும் சாப்பிட உக்காரதில்ல."

"நான் வந்து அவங்ககிட்ட சொல்லுதேன்லே, எனக்குத் தெரியாதுன்னு."

"தெரியாதா?"

நேரம் முடிந்ததென்று காவலர் வந்து நின்றார்.

சாமான்களை எடுத்துக்கொண்டு ஒத்திகை அறையைக் காலி செய்யலாம் என்று போனாள். இசக்கி முன்னதாகவே வந்து தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். பாட்டில்லை. முதுகெலும்பு வழியாக ஏதோ ஒன்று மெல்ல ஏறி, கழுத்தில் தங்கி, கைகளில் உதிர்ந்தது. யாரும் சொல்லித்தராதது. ஜெசிந்தா அதுவரை எங்கும் கண்டிராதது.

"வாங்கக்கா! இது எப்படி இருக்கு? காலைல தானா வந்துச்சு."

ஜெசிந்தா பாய்ந்து போய் அவளுக்கும் சுவரிலிருந்த நடைக்கண்ணுக்கும் நடுவில் நின்றாள். அந்தப் பெண்ணின் இரு கைகளையும் இழுத்துத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தாள். இசக்கி வலியில் முகம் சுளித்தாள்.

"என்னக்கா, நல்லாயில்லியா?"

"ரொம்ப நல்லாருக்கு" என்றாள் ஜெசிந்தா. "இனிமே செய்யாத."