சூடு ஆறாத நாற்காலி

கதவு திறந்தது. அவள் எழுந்துவிட்டாள்.

யாரும் எழச் சொல்லவில்லை. அவள் அந்த காபி கடையில் வேலை பார்ப்பவளும் இல்லை. பக்கத்து மருந்துக் கடையின் பார்மசிஸ்ட் லீவில் போயிருக்க, அந்த இடத்துக்கு வந்த மாற்று ஆள். ஊர் ஊராக இப்படிப் போய் நிற்பதுதான் அவள் உத்தியோகம். வீட்டில் அவளுக்குப் பெயரே பம்பரம். மதிய இடைவேளையில் ஒரு வாய் காபி குடிக்க வந்தவள், பாதிதான் குடித்திருந்தாள்... அதற்குள் கதவுச் சத்தம் கேட்டதும் கால்கள் தாமாக நிமிர்ந்துவிட்டன. கை தாமாக மேஜையைத் துடைத்தது.

உள்ளே வந்தவனின் சுருட்டை முடியிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. கையில் கனமான கருவிப் பெட்டி. அவள் துடைத்து வைத்த இடத்தில் சட்டமாக உட்கார்ந்தான்.

"ஒரு காபிங்க. சர்க்கரை கம்மியா."

அவள் நேரே கவுன்ட்டருக்குப் போய், "ஒரு காபி, சர்க்கரை கம்மி" என்று சொல்லியும் விட்டாள். அப்புறம்தான் உறைத்தது. காது மடல் வரைக்கும் சூடேற, விறுவிறுவென்று திரும்பி வந்தாள்.

"நான் இந்தக் கடை ஆள் இல்ல!"

"அப்புறம் எதுக்குங்க மேஜையத் துடைச்சீங்க?"

"அழுக்கா இருந்துச்சு."

"ஆர்டர் எதுக்கு எடுத்தீங்க?"

"அது... நீங்க கேட்டீங்க."

"கேட்டா குடுத்துடுவீங்களா?"

முறைத்தாள். அவன் சிரித்தான். முதலில் கண்கள்தான் சிரித்தன, உதடு கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்துகொண்டது. பெரிய, தூக்கம் கெட்ட கண்கள்... எரிச்சலாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை பார்த்தால் தேவலை என்றும் இருந்தது. மற்ற மேஜைகள் எல்லாம் நிரம்பியிருந்ததால், வேறு வழியில்லாமல் எதிரே உட்கார்ந்து மீதிக் காபியைக் குடித்தாள். வேறு வழியில்லாமல்தான்!

மறுநாள் நாலு மேஜை காலியாகக் கிடந்தது. ஆனாலும் அவன் அவளுக்கு எதிரேயே வந்து உட்கார்ந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எதிர்க் கட்டிடத்து லிஃப்ட் மேலே போகிறதாம், இறங்க மாட்டேன் என்கிறதாம்.

"உங்கள மாதிரிதாங்க. ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

"நான் எப்ப நிக்கல?"

"இப்பவே பாருங்க. கால் ஆடுது. கண்ணு கதவு மேலயே இருக்கு. யாருக்காகக் காத்திருக்கீங்க?"

அவள் கால் சட்டென்று நின்றது. யாருக்காகவும் இல்லை. கதவு திறந்தால் எழ வேண்டும்... அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்வது? சொன்னால் லூசு என்பானே!

ஒரு நாள், கேக்கை முள்கரண்டியால் கிளறியபடி அவனாகவே பேச ஆரம்பித்தான்.

"சின்ன வயசுல எனக்குக் காதுல ஏதோ பிரச்சினை. சனிக்கிழமை ஆனா அம்மா பஸ்ல பக்கத்து ஊர் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க. ஊசி போட்டதும் ஊரே கேக்கற மாதிரி அழுவேன். அழுகைய நிறுத்தறதுக்குன்னே அங்க ஒரு காபி கடை. பச்சைக் கதவு. அம்மா அவங்க காபில ரெண்டு வாய் குடுப்பாங்க பாருங்க... அந்த மாதிரி காபி அப்புறம் நான் குடிச்சதே இல்ல. உள்ள ஒரு மீன் தொட்டி. ஆனா மீனே இருக்காது—"

"ஸ்பூன் இருக்கும்" என்றாள்.

அவன் கை அப்படியே நின்றது.

"மீன் செத்துப்போச்சு. தொட்டியத் தூக்கிப் போட எங்கப்பாவுக்கு மனசு வரல. கழுவி ஸ்பூன் போட்டுட்டார்."

"அது... உங்க கடையா!" அவன் துள்ளிக் குதிக்காத குறை. "ஐயோ, சொர்க்கம்ங்க அது! ஜன்னலோரமா ஒரு நாற்காலி உண்டே? எப்ப போய் உக்காந்தாலும் வெதுவெதுன்னு இருக்கும். வெயில்னு நெனச்சா, மழை நாள்லயும் அப்படித்தான். என்ன மாயமோ!"

"மாயமும் இல்ல, மந்திரமும் இல்ல. நான்தான்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை.

அப்பா அடுப்படி, அம்மா கல்லா. மாடியில் இரண்டு அறை வீடு. நாற்காலிகள் வருகிறவர்களுக்கு. வீட்டுப் பாடம் எழுத வெளிச்சம் இருந்த ஒரே இடம் அந்த ஜன்னலோரம். கடை காலியாக இருக்கும் வரை அங்கே உட்காரலாம். கதவு திறந்தால் அம்மாவின் புருவம் லேசாக ஏறும். அவ்வளவுதான்... புத்தகத்தை வாரிக்கொண்டு, மேஜையைத் துடைத்துவிட்டு, சரக்கு அறைக்கு ஓட்டம். சர்க்கரை மூட்டை மேல் நோட்டை வைத்து நின்றபடியே மீதிக் கணக்கு. ஒரு பிறந்தநாளுக்கு மெழுகுவர்த்தியை ஊதக் குனிந்த நேரம், ஒரு பஸ் நிறைய ஆள் வந்து இறங்கியது. எல்லோரும் ஓடினார்கள், அவளும் ஓடினாள். திரும்பி வந்தபோது மெழுகுவர்த்தி தானாக எரிந்து தீர்ந்து, கேக்கில் மெழுகு உறைந்திருந்தது.

"எதையும் முழுசா முடிச்சு எனக்குப் பழக்கமே இல்ல" என்றாள், சிரிப்பதுபோல.

"அப்ப... நான் வந்து உக்காந்ததெல்லாம்..."

"என்னைய எழுப்பி விட்டுட்டுத்தான்."

கேலியாக ஏதாவது சொல்வான், பதிலுக்கு ஒன்று போட வேண்டும் என்று தயாராக இருந்தாள். அவன் கேலி செய்யவில்லை. அந்தக் கண்கள் அவள் மேலேயே நின்றன.

"மன்னிச்சுடுங்க" என்றான்.

அந்த நாற்காலிக்காக அவளிடம் யாரும் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. அப்பா அம்மாவைக் குறை சொல்லவும் வழியில்லை, பிழைப்பு அப்படி. ஆனாலும் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே... கேட்டவன் இவனா? இவனாகவா இருக்க வேண்டும்?

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது கண் கடிகாரத்துக்குப் போனது. மதியம் அவன் வந்தால் இதயம் அடித்துக்கொண்டது. வராமல் இழுத்தால் அதைவிட அதிகமாக அடித்துக்கொண்டது.

இந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள். அப்பாவுக்கு முட்டி வலி, முன்போல நிற்க முடியவில்லை. "கடையப் பாத்துக்கற மாதிரி ஒரு நல்ல பையனா அமைஞ்சா... நீ சுத்தினது போதும்டி பம்பரம், வந்துடு."

மதியம் அதை அவனிடம் பாதிச் சலிப்பும் பாதிச் சிரிப்புமாகச் சொன்னாள். அவன் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது.

"அட, நான் இருக்கேனே! நாளைக்கே வேலைய விட்டுட்டு வந்துடறேன். அந்தக் கடைல நிக்கக் கொடுத்து வச்சிருக்கணும்ங்க!"

அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் இந்தக் கண்கள் பார்த்தது யாரை? அவளையா, அவளுக்குப் பின்னால் தெரிந்த பச்சைக் கதவையா?

"உங்களுக்கு வேண்டியது கடை. நான் இல்ல" என்றாள்.

"அப்படிச் சொல்லலங்க..."

"இங்கயும் என்னைய எழுந்து வழி விடச் சொல்றீங்க. விட்டுட்டேன்."

எழுந்து போனாள். கப்பைக்கூட எடுத்து வைக்கவில்லை.

அதன் பிறகு அந்த காபி கடைப் பக்கமே போகவில்லை. அவன் ஒரு முறை மருந்துக் கடை வாசல் வரை வந்து நின்றான். அவள் உள்ளே போய் அலமாரியை ஒழுங்குபடுத்தினாள். ஏற்கெனவே ஒழுங்காக இருந்த அலமாரி. அடுத்த நாள் அவன் வரவில்லை. வராததற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. அவளுடைய மாற்று வேலைக் காலம் முடிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டாள். போகிற ஊரை நினைத்துப் பார்த்தாள், ஒன்றும் தோன்றவில்லை. முதல் தடவையாக, போகப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அப்பா போனில் வந்தார். குரலில் கொதிப்பு.

"அம்மாடி, காலைல ஒருத்தன் வந்தான். சுருட்ட முடி. ரொம்ப நேரம் உக்காந்து கடையச் சுத்திச் சுத்திப் பாத்தான். காபி எப்படிப்பான்னு கேட்டேன். சுமாராத்தான் இருக்குங்கறான்! இத்தனை வருஷத்துல எவனாவது சொல்லியிருக்கானா?"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"அவ்வளவு தெரிஞ்சவன்னா நீயே கடைய எடுத்து நடத்தேன்னு சொன்னேன். கடை வேண்டாம்ங்கன்னான். பின்ன எதுக்குப்பா வந்தேன்னு கேட்டா... 'இன்னும் அவங்ககிட்டயே சொல்லல, உங்ககிட்ட எப்படிங்க சொல்றது'ன்னுட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டான். யாரும்மா அவன்?"

"அப்புறம் சொல்றேன்ப்பா" என்றாள்.

சொந்த ஊரிலிருந்து வரும் பஸ் எந்தப் பக்கம் வந்து நிற்கும்? அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஒரு பஸ் வந்தது, அது இல்லை. இன்னொன்று... கடைசி ஆளாக அவன் இறங்கினான். அவளைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டான். கண்டக்டர் அதட்டிய பிறகுதான் கால் தரைக்கு வந்தது.

"எங்கப்பா காபிய சுமார்னு சொன்னீங்களாமே?"

"சுமார்தாங்க. கடையும் தம்மாத்துண்டு. சுவத்துல ஓதம் அடிக்குது." மூச்சு வாங்கினான். "சின்ன வயசுல எவ்வளவு பெருசா தெரிஞ்சுது... நீங்க சொன்னது சரிதானோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எனக்கு வேண்டியது கடைதானோன்னு. அதான் போய் உக்காந்து பாத்தேன்."

"பாத்து?"

"ஒண்ணுமே இல்ல அங்க. நீ இல்லாம அங்க எனக்கு என்ன இருக்கு?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது போலும். பதறிப்போனான். "ஐயோ... 'நீ'ன்னுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க... நீங்க இல்லாம..."

"திருத்தாதீங்க."

அவள் போக வேண்டிய பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. இந்த ஒன்றையாவது பாதியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று இருந்தது அவளுக்கு.

"எனக்கு ஒரே ஊர்ல இருக்க வராது. கடையிலயும் நிக்க மாட்டேன். அப்பாவுக்கு வேற ஆளத்தான் பாக்கணும்."

"பாக்கலாம். நீ போற ஊர்லயும் லிஃப்ட் கெட்டுப்போகுமில்ல?"

அவள் சிரித்தாள். கண் நிறைந்து எதிரே இருந்த முகம் கலங்கித் தெரிந்தது. ஏறுகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள், கண்டக்டர் விசில் ஊதினான். அவள் நகரவில்லை.

"உன்ன எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குடா" என்றாள்.

பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது.