நாலாம் மாடியில் வடியாத தண்ணீர்

காலையிலிருந்து யாரும் குழாயைத் திறக்கவில்லை. ஆனாலும் சிங்க்கில் நான்கு விரற்கடை தண்ணீர் நின்றது.

வாடகை வீட்டுச் சமையலறையில் தண்ணீர் மெதுவாக வடிவது ஓர் அதிசயமில்லை என்பது அவளுக்குத் தெரியும். வடிகுழாயின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படியும். அதன்மேல் சோப்பு படியும். இரண்டு விரல் நுழைந்த வழி பென்சில் அளவுக்குச் சுருங்கிவிடும். ஊற்றியது வடியாமல் நின்றால் புரிகிறது. ஊற்றாதது நிற்பதுதான் புரியவில்லை.

மறுநாள் பத்து மணிக்குப் பிளம்பர் வந்தார். சிங்க்கின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"நீங்க மிச்சம் மீதியெல்லாம் இதுல கொட்டறீங்கன்னு ஓனர் புலம்பறாரு."

"சமைச்சாத்தானேண்ணே மிச்சம் வரும்."

அவர் தலையை வெளியே நீட்டி அவளை ஒருமுறை பார்த்தார்.

தொழிலை விளக்கிச் சொல்வதில் ஆசையுள்ள மனிதர். குழாய் ஏன் தும்பிக்கை போல் வளைகிறது என்று விரலால் வரைந்து காட்டினார். "இந்த வளைவுல எப்பவும் ஒரு டம்ளர் தண்ணி நிக்கும்மா. அதுதான் கதவு. அது இல்லேன்னா சாக்கடை நாத்தம் மொத்தமும் உங்க வீட்டுல குடியிருக்கும், வாடகைகூடத் தராம."

வளைவைக் கழற்றி வாளியில் கவிழ்த்தார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தெளிந்த தண்ணீர்தான் விழுந்தது. கம்பிச் சுருளைச் சுவருக்குள் விட்டுச் சுழற்றினார். அது நான்கு மாடிக்கும் பொதுவான பெரிய குழாய்வரை போய், வெறுங்கம்பியாகத் திரும்பி வந்தது.

"கண்ணாடி மாதிரி இருக்கு. அடைப்பே இல்ல."

"அப்ப கீழ்வீட்டுத் தண்ணியா?"

சிரித்தார். "தண்ணிக்கு மாடி ஏறத் தெரியாதும்மா. இங்க ஏறி வரணும்னா, முதல்ல கீழ மூணு வீட்டு சிங்க்கும் வழியணும். மேல பாத்தா வெறும் மொட்டைமாடி. அதனால இது உங்க வீட்டுத் தண்ணிதான்."

எல்லாவற்றையும் பொருத்திவிட்டுப் போனார். அவள் கதவைத் தாழிட்டாள்.

பதினொரு மணிக்குச் சத்தம் கேட்டது. காற்றை விழுங்கும் குழாயின் களகளப்பு அல்ல அது. ஒரு சின்ன உள்ளங்கை தண்ணீரின் மேல் விட்டுவிட்டுத் தட்டுகிற சத்தம். அவள் போய்ப் பார்த்தபோது சிங்க் பாதி நிறைந்திருந்தது. ஜன்னல் வெயில் அதில் பட்டுக் கூரையில் நெளிந்தது. இந்த வீட்டில் மூன்று மாதமாக வாங்காத ஒரு சோப்பின் வாசனை, ஈரத் துண்டின் வாசனையோடு கலந்து எழுந்தது. விரலை வைத்தாள். வெதுவெதுப்பு.

இந்த வீட்டுக் குளியலறைத் தரை எப்போதும் சில்லென்றிருக்கும். அதனால் மகனை ஐந்து மாதமும் இந்த சிங்க்கில்தான் குளிப்பாட்டினாள், பதினொரு மணிக்கு, துளையில் துணியைச் சுருட்டி அடைத்து. ஆறாம் மாதம் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அவன் தலைக்கு அடியில் உள்ளங்கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் படும்மா, நான் பாத்துக்கறேன் என்று நர்ஸ் சொன்னதும் கையை எடுத்தாள். இருபது நிமிடம். அதற்குள் முடிந்துவிட்டது. நீ கையை எடுத்ததால இல்ல என்று டாக்டர் சொன்னார், கணவன் சொன்னான், உறவெல்லாம் சொன்னது. எல்லோருக்கும் தலையாட்டினாள். ஒருவரையும் நம்பவில்லை.

தண்ணீரில் கையை இறக்கினாள்.

உள்ளங்கையில் ஏதோ வந்து அமர்ந்தது. உருண்டையாக. மெத்தென்று. அந்தக் கனம் அவள் கைக்குத் தெரியும்.

கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. கை விரிந்திருந்தது. எதையோ தாங்கியிருந்தது.

"அம்மா இருக்கேன்டா," என்றாள். "எடுக்க மாட்டேன்."

கூடத்தில் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. கால்கள் மரத்துப்போயின. தண்ணீர் ஆறவில்லை.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. கணவன்.

"உள்ள என்ன பண்றே? போன் எடுக்க மாட்டியா? கதவைத் திற!"

"சத்தம் போடாதீங்க," என்றாள் மெல்ல. "இப்பத்தான் கண்ணை மூடினான்."

தட்டல் நின்றது. பிறகு, தோளால் இடிக்கிற சத்தம்.

கனம் கூடியது. கை இறங்கியது. முழங்கைவரை. விட்டால் முழுகிவிடுவான். இன்னும் இறங்கியது. தோள்வரை. சிங்க் அவ்வளவு ஆழமில்லை. கன்னம் எஃகு விளிம்பில் பதிந்தது. காதுக்குள் தண்ணீர் ஏறியது.

வெகு கீழே, அவள் மணிக்கட்டைச் சுற்றி, ஒவ்வொன்றாக, ஐந்து சின்ன விரல்கள் அழுந்தின.