கைப்பிடி இல்லாத கதவு

டக்!

கார்க் கதவு மூடிக்கொண்டது. அதே நொடியில் ஹெட்லைட்டும் அணைந்தது.

காருக்குள் மாட்டிக்கொண்ட அமலனுக்கு வியர்த்தது. தப்பு அவனுடையதுதான்... படம் அழகாக வரட்டுமென்று மூன்று மணி நேரம் ஹெட்லைட்டை எரியவிட்டவன் அவன்தானே!

1934 மாடல் அமெரிக்க ஹாட் ராட் கார். கூரையை வெட்டித் தாழ்த்தி, ஜன்னல்களைக் குறுக்கி, உள்ளேயும் வெளியேயும் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, மாதுளைச் சிவப்பில் பெயிண்ட் அடித்த அழகி. கதவு திறக்க பட்டன்தான். பட்டனுக்கு பேட்டரி. பேட்டரி காலி!

ஒரகடத்தில் ஒரு தகரக் குடோன். ஞாயிறு மதியம். மும்பையில் காரை வாங்கப்போகிறவருக்குப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, ஷட்டரை இறக்கிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தார் ஓனர் நம்பிராஜன்.

மனைவிக்கு போன் போட்டான். கிரேசி, போலீஸ் ஏட்டு.

"இன்னாய்யா, மாட்டிக்கினியா? ஜன்னல் வழியா வாயேன்!"

"கண்ணாடி நாலு விரல்தான் எறங்கியிருக்கு. ஏன் கிரேசி... நான் குண்டாயிட்டனா?"

"ஜீப்லதான் கீறேன். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியாச்சு, இதோ வந்துடறேன். லைன்லயே இரு."



போனைக் கட் பண்ணாமல் மடியில் வைத்துவிட்டு, கேமராவில் எடுத்த படங்களைப் புரட்டினான். வாரத்தில் ஆறு நாள் கார் ஃபேக்டரியில் பெயிண்ட் செக் பண்ணும் கண். பளபளக்கும் பாடியில் ட்யூப்லைட்டின் பிம்பம் நேர்கோடாக ஓட வேண்டும்.

சக்கரத்துக்கு மேலே, இடது ஃபெண்டரில் அது நெளிந்தது!

ஷட்டர் ஏறி, இறங்கியது. நம்பிராஜன்.

"சார், கதவு தொறக்கல! அப்புறம்... லெஃப்ட் ஃபெண்டர்ல பட்டி பார்த்து புதுசா அடிச்சிருக்கீங்க. இன்னா ஆச்சு?"

"பூனை குறுக்க வந்துச்சு."

"பூனைக்கு இவ்ளோ பெரிய ஒடுக்கா?"

"சரி, மாடு."

"எப்போ சார்?"

"புதன்கிழமை. வாலாஜாபாத் ரோட்டுல. போதுமா?"

அமலனின் வாய், மூளையைவிட வேகம்.

"அன்னிக்கு அங்கதான் எங்க ஃபேக்டரி லைன்ல வேலை செய்யற பொண்ணு முத்துச்செல்விய எவனோ அடிச்சுப் போட்டுட்டு..."

நிறுத்தினான். லேட்!

நம்பிராஜன் வீல் ஸ்பேனரை எடுத்தார். ஓங்கினார்... கண்ணாடியைப் பார்த்தார்... இறக்கினார்.

"அமெரிக்காலேர்ந்து வந்த கண்ணாடி. உன் தலைக்காக ஒடைக்க மனசு வரல. சார்ஜர் போடறேன். கதவு தானா தொறக்கும்."

ஒயரை மாட்டக் குனிந்தார். அமலன் கண்ணாடி இடைவெளியில் வாயை வைத்தான்.

"தெனம் டிபன் பாக்ஸ்லேர்ந்து அவ முட்டைய எனக்குக் குடுக்கும் சார் அந்தப் பொண்ணு. சொல்லுங்க... அடிச்சது நீங்கதானே?"

"நான்தான்டா! அப்போ உசுரு இருந்துச்சு. சீட்ல ரத்தம் படும்னு ஏத்தல!"

"கேட்டுச்சா கிரேசி?"

"கேட்டுச்சு!"

குரல் போனிலிருந்து மட்டும் வரவில்லை... உயர்ந்த ஷட்டருக்கு அடியிலிருந்தும் வந்தது! பின்னாலேயே இரண்டு போலீஸ்காரர்கள்.

நம்பிராஜன் சார்ஜரைத் தரையில் ஓங்கி அடித்தார். அது சிதறியது. கதவு அசையவில்லை.

கிரேசி லத்தியை ஓங்கினாள்.

"ஐயோ... கண்ணாடி!" கைவிலங்கோடு அலறினார் நம்பிராஜன்.

சிலீர்!

ஜன்னல் வழியாக அமலனின் தலை வந்தது. தோள் வந்தது. மார்பு வந்தது...

அதோடு சரி!

"கிரேசி... இப்பவாவது நேரா சொல்லு. நான் குண்டாயிட்டனா?"

கிரேசி அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தாள்.

"ஆமாய்யா! உன் வயித்தப் பார்த்திருந்தா இந்தக் கூரைய எவனும் வெட்டியிருக்க மாட்டான்!"