அத்தாவுக்கு மட்டும் தலை சுற்றவில்லை

ஜஹனாராவின் அத்தா ஜமால் முகம்மது, கொடைக்கானல் கடைவீதியில் குடையும் கம்பளிச் சட்டையும் விற்பவர். அவருக்குக் காசநோய் வந்தது. ஐந்து மாதம் கீழே சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். தினமும் ஊசி போட்டார்கள். 1956ஆம் வருடம் மார்ச் மாதம், இருமல் நின்று, முகம் தெளிந்து வீட்டுக்கு வந்தார்.

ஆனால் நடை மாறிப்போயிருந்தது.

நின்றால் சரியாகத்தான் நிற்பார். நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்வார். இருட்டில் சுவரைப் பிடிக்காமல் ஓர் அடிகூட வைக்க முடியாது. ஒருநாள், மேலே தொங்கிய குடையை எடுக்க முக்காலியில் ஏறியவர், குடையோடும் முக்காலியோடும் கீழே விழுந்தார்.

“என்னங்க பண்ணுது?” என்று பதறினார் அம்மா மரியம் பீவி.

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் கிறுகிறுப்பு. ஒடம்புல தெம்பு வந்தா சரியாப்போகும்.”

தெம்பு வந்தது. கிறுகிறுப்பு போகவில்லை. இஞ்சிச் சாறு, சுக்குக் கஷாயம், பள்ளிவாசலில் ஓதிக் கொடுத்த தண்ணீர் என்று அம்மா எதைக் கொடுத்தாலும் அத்தா மறுக்காமல் குடித்தார். ஒருமுறை தலையில் தேய்க்கக் கொடுத்த எண்ணெயையும் ஒரு மடக்குக் குடித்துவிட்டார்.

“ஐயோ, அது தலைக்குங்க!”

“அதான் கசந்துச்சா?” என்றார் அத்தா.

ஒருநாள் கடைக்கு நடந்து போகும்போது ஜஹனாரா கேட்டாள்: “அத்தா, எதுக்கு அடிக்கடி நின்னு நின்னு பாக்குறீங்க?”

“நடக்கும்போது எல்லாம் குதிக்குதும்மா. கடை போர்டு, ஆளுங்க மூஞ்சி எல்லாமே. நின்னு பாத்தாத்தான் யாருன்னே தெரியுது.”

ஜஹனாராவுக்கு வயது பத்து. அத்தா சொன்னதை அவள் மனதில் வைத்துக்கொண்டாள்.

அந்த மாதம் அவள் வகுப்பில் லீலா என்ற பெண் புதிதாகச் சேர்ந்தாள். அவளும் அவள் அண்ணன் குமாரவேலும் திண்டுக்கல்லிலிருந்து வந்தவர்கள். லீலா நன்றாகப் பாடுவாள். அவளோடு சிநேகமாக இருக்க வகுப்பில் எல்லாருக்கும் ஆசை. லீலாவோ ஜஹனாராவின் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மூவரும் ஒரு குட்டிச்சுவரின் மேல் உட்கார்ந்து அவித்த கடலை தின்றுகொண்டிருந்தார்கள். சரிவில் அத்தா இறங்கி வந்தார். தோளில் துணி மூட்டை. பாதை முழுவதும் கல். இடமும் வலமும் தள்ளாடியபடி வந்தார்.

“ஏய், அங்க பாருங்க!” என்று குமாரவேல் குதித்து இறங்கினான். “காலையிலேயே குடிச்சிட்டு வராரு!” அதேபோல் தள்ளாடி நடந்து காட்டினான். சந்தைக்கு வந்த இரண்டு மூன்று பையன்கள் சிரித்தார்கள்.

“யாருடி அவரு? உனக்குத் தெரியுமா?” என்று லீலா கேட்டாள்.

ஜஹனாராவின் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“தெரியாது” என்றாள்.

அத்தா அவளைக் கை தொடும் தூரத்தில் கடந்து போனார். நிற்கவில்லை. திடீரென்று வேகமாக நடந்தார். அதனால் இன்னும் அதிகமாகத் தள்ளாடினார். பையன்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

‘நடக்கும்போது அத்தாவுக்கு மூஞ்சி தெரியாது. என்னைப் பாத்திருக்க மாட்டாங்க’ என்று ஜஹனாரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கையில் இருந்த கடலையைச் சுவரின் மேலேயே வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்தார். அப்போது மாநிலம் முழுவதும் மதுவிலக்கு. குடித்தவரைப் பிடித்தால் ஜெயில்தான்.

“பாய், தப்பா நெனைக்காதீங்க. நீங்க குடிச்சிட்டு நடமாடுறதா சந்தை முழுக்கப் பேச்சாக் கெடக்கு. கொஞ்சம் வாயை ஊதுங்க.”

கடையில் சட்டை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜஹனாரா கல்லாவின் பக்கத்தில் நின்றாள்.

“நான் தொட்டதே இல்லீங்க” என்றார் அத்தா. பிறகு தலையைக் குனிந்து, சின்னப் பிள்ளைபோல், வாயைத் திறந்து ஊதினார்.

“ஒண்ணுமில்ல. வரேன் பாய்” என்று போலீஸ்காரர் சங்கடத்தோடு போய்விட்டார். சட்டை பார்த்தவர்களும் வாங்காமல் போய்விட்டார்கள். அத்தா அந்தச் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். வெகு நேரம் மடித்தார்.

‘அது எங்க அத்தா, உடம்பு சரியில்ல’ என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். ஐந்தே வார்த்தை. ஜஹனாராவுக்கு அன்று சாப்பாடு பிடிக்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்ட மருந்துக்கடைக்காரர், “மதுரையில காது டாக்டரைப் பாருங்க. கிறுகிறுப்புக்கு அவருதான்” என்றார். அம்மாவுக்குக் கைக்குழந்தை இருந்தது. அதனால் அத்தாவோடு ஜஹனாராவை அனுப்பினார்.

மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. முதல் பத்து வளைவுக்குள் பாதிப்பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். அடுத்த பத்து வளைவில் ஜன்னலெல்லாம் தலையாக இருந்தது. ஜஹனாராவும் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

அத்தா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

“உங்களுக்கு மட்டும் ஒண்ணும் பண்ணலையா பாய்?” என்று கண்டக்டர் அதிசயப்பட்டார்.

ஜஹனாராவும் யோசித்தாள். நோய் வருவதற்கு முன் இந்தப் பஸ்ஸில் முதலில் வாந்தி எடுப்பது அத்தாதான்!

மதுரையில் டாக்டர் கேட்டதற்கெல்லாம் அத்தா சுருக்கமாகவே பதில் சொன்னார். “கொஞ்சம் கிறுகிறுப்புங்க. வேற ஒண்ணுமில்லீங்க.”

டாக்டர் ஏதோ மாத்திரை எழுதத் தொடங்கினார்.

“டாக்டர்” என்றாள் ஜஹனாரா. “கொஞ்சம் இல்ல. நடந்தா போர்டெல்லாம் குதிக்குதாம். நின்னா குதிக்கலையாம். இருட்டுல நடக்கவே முடியல. அப்புறம்… பஸ்ஸுல எல்லாரும் வாந்தி எடுத்தோம். அத்தா மட்டும் எடுக்கல. முந்தியெல்லாம் அவங்கதான் முதல்ல எடுப்பாங்க.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். “எப்பலேருந்து?”

“நெஞ்சு நோய்க்கு ஊசி போட்டுட்டு வந்ததுலேருந்து” என்றாள்.

அவர் அத்தாவைப் படுக்கவைத்து, காதுக்குள் பனிக்கட்டித் தண்ணீரை விட்டார். “உனக்கு இப்படி விட்டா உலகமே சுத்தும்” என்று ஜஹனாராவிடம் சொல்லிவிட்டு, “உங்களுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“ஜில்லுன்னு இருக்குங்க” என்றார் அத்தா.

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நம்ம காதுக்குள்ள ரொம்பச் சின்னதா ஒண்ணு இருக்கு. எந்தப் பக்கம் சாயுறோம், எந்தப் பக்கம் திரும்புறோம்னு அதுதான் நமக்குச் சொல்லும். உங்களுக்கு அது சொல்றதை நிறுத்திடுச்சு. அதான் பஸ்ஸுல தலை சுத்தல. அதான் நேரா நடக்கவும் முடியல. உங்க உசிரைக் காப்பாத்துன ஊசி, காதைக் கெடுத்திருக்கு. சில பேருக்கு இப்படி ஆகும்.”

“திரும்ப வருமா டாக்டர்?” என்று கேட்டாள் ஜஹனாரா.

“வராதும்மா. ஆனா அதோட வேலையைக் கண்ணும் காலும் கத்துக்கும். தினமும் பழகணும்.”

கட்டை விரலைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். பந்தை எறிந்து பிடிக்க வேண்டும். வெளிச்சத்தில் மேடு பள்ளத்தில் நடக்க வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம்.

ஊர் திரும்பிய மறுநாள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஜஹனாரா, லீலாவையும் குமாரவேலையும் கூப்பிட்டாள்.

“கண்ணை மூடிக்கிட்டு வெரசா இருபது சுத்து சுத்துங்க. அப்புறம் இந்தக் கோட்டு மேல நடங்க.”

குமாரவேல் சுற்றினான். கண்ணைத் திறந்து இரண்டு அடி வைத்தான். நேராகப் போய் வேலிச் செடிக்குள் விழுந்தான். லீலா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

“நீ குடிச்சிருக்கியா?” என்று ஜஹனாரா கேட்டாள்.

“இல்லையே! சுத்துனதாலதானே!” என்றான் குமாரவேல், தலையில் ஒட்டிய இலையை எடுத்தபடி.

“சந்தையில தள்ளாடினாங்களே, அவங்களும் குடிக்கல. நெஞ்சு நோய்க்கு ஊசி போட்டதுல காதுக்குள்ள கெட்டுப்போச்சு. அவங்க… எங்க அத்தா.”

யாரும் சிரிக்கவில்லை. குமாரவேல் வேலிப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னியே?” என்றாள் லீலா மெதுவாக.

“ஆமா. பொய் சொன்னேன்.”

லீலா அந்த வாரம் முழுவதும் வேறு இடத்தில்தான் உட்கார்ந்தாள். குமாரவேல் ஒரு நாள் கடைக்கு வந்து, அத்தாவின் முகத்தைப் பார்க்காமலே ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு ஓடினான்.

வீட்டு முற்றத்தில் தினமும் காலையில் பந்துப் பயிற்சி. ஜஹனாரா எறிவாள், அத்தா பிடிப்பார். பத்தில் ஏழு பந்து அவர் தலைக்கு மேலே போய்விடும். கோழிகள் அலறிக்கொண்டு ஓடும்.

ஒரு காலையில் ஜஹனாரா பந்தை எறியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“அத்தா, அன்னைக்குச் சந்தையில…”

“தெரியும்மா” என்றார் அத்தா.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“மூஞ்சி தெரியல. உன் குரல் தெரியாதா எனக்கு?”

“அப்ப ஏன் ஒண்ணுமே சொல்லல?”

“புது சிநேகிதங்களோட இருந்த. உனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு வெரசா போயிடப் பாத்தேன். வெரசா நடக்க வருதா எனக்கு?” அத்தா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “அன்னைக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஜஹனா.”

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. ஓடிப்போய் அவர் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அத்தா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். “பரவாயில்ல” என்று அவர் சொல்லவில்லை. வெகு நேரம் கழித்து, “பந்தை எறி” என்றார்.

ஜூலை வந்தது. அத்தா கல் பாதையிலும் ஓரளவு நடக்கப் பழகிவிட்டார். ஆனால் யாராவது கையைப் பிடிக்க வந்தால் உதறிவிடுவார். இருட்டு மட்டும் இன்னும் அவருக்கு ஆகாது.

ஒரு மாலை இருவரும் பஸ் நிற்கும் இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று மூடுபனி இறங்கியது. பாதை, மரம், கடை எதுவும் தெரியவில்லை. பார்த்து நடக்க அத்தாவுக்கு ஒன்றுமே இல்லாமல் போயிற்று. எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வரும் சத்தம் கேட்டது. அத்தா நின்றார்.

“ஜஹனா, கையைக் குடும்மா” என்றார்.

அவராகக் கேட்பது அதுதான் முதல் தடவை. ஜஹனாரா இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் அவர்களைக் கடந்து போனார்கள். அவர்கள் யாரென்று அவள் பார்க்கவில்லை.

“இங்க ஒரு கல் இருக்கு அத்தா. இப்ப மேடு. இப்ப மெதுவா.”

நின்று நின்று நடந்தார்கள். அத்தா பஸ்ஸில் அவள் வாந்தி எடுத்த கதையைச் சொல்லிக் கேலி செய்தார். வீட்டு விளக்கு தெரிந்தபோது, இன்னும் கொஞ்ச தூரம் இருந்திருக்கலாம் என்று ஜஹனாராவுக்குத் தோன்றியது.